மலையும் புல்வெளியும் சேரும் ஆல்பர்ட்டாவில் மீன்பிடியும் வேட்டையும்: எங்கிருந்து தொடங்குவது?

கால்கரிக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன என்றும், நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது என்றும், ஊரில் தாமிரபரணியில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டே தவிரத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேற்கே மலையும் கிழக்கே புல்வெளியுமாகக் கிடக்கும் இந்த மாகாணத்தில் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் ஒரு சாதாரண மனிதருக்கு உண்மையில் என்ன வாய்ப்பு இருக்கிறது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஏனென்றால் இரண்டிலும் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற மலையை நோக்கிக் காரைத் திருப்புகிறார்கள். நானும் முதல் கோடை முழுவதையும் அப்படித்தான் கழித்தேன். மலை கண்ணுக்கு விருந்து. ஆனால் மீனும் மானும் பறவையும் மிகுந்திருப்பது அடிவாரத்திலும் சமவெளியிலும்தான்.

இதற்குக் காரணம் எளிது. ராக்கி மலைத்தொடரின் ஓடைகள் பனியும் பனியாறும் உருகி வரும் நீர். அது தெளிவாகவும் குளிராகவும் இருக்கும். சத்து மிகக் குறைவு. அந்த நீரில் பூச்சிகள் குறைவு, மீனின் வளர்ச்சியும் மெதுவாகவே நடக்கும். மலையோடைகளுக்கே உரிய புல் டிரவுட் முட்டையிடும் பருவத்தை எட்டவே ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். அப்படிப்பட்ட மீனை ஒரு வார இறுதியில் பத்துப் பேர் வந்து பிடித்துப் போனால் அந்த ஓடை மீண்டு வர ஒரு தலைமுறை ஆகிவிடும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது மற்ற மீன்களைத் தின்னும் உதவாக்கரை மீன் என்று கருதப்பட்டு, பிடித்தவர்கள் கரையில் வீசிவிட்டுப் போனார்கள். எஞ்சியது கொஞ்சம் என்று தெரிந்த பிறகு, 1995இல் ஆல்பர்ட்டா அதையே மாகாண மீனாக அறிவித்து, ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்தது. அதன் முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இருக்காது. கரும்புள்ளி இல்லையா, நீரில் விட்டுவிடு என்பது இங்கே குழந்தைகளுக்கும் சொல்லித்தரும் பாடம். டிரவுட் வகைகளைப் பிரித்தறியப் பழகாமல் மேற்கு ஓடைகளில் தூண்டிலை இறக்காதீர்கள்.

டிரவுட் என்ற பெயர் உங்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட்டின் இனம்தான் கால்கரி நகரத்தின் நடுவே ஓடும் போ ஆற்றிலும் இருக்கிறது. இந்த ஆற்றுக்கும் அது வந்தேறி மீன்தான். போ ஆற்றின் பிரவுன் டிரவுட் வந்த கதை இன்னும் விசித்திரமானது. 1925இல் மீன்குஞ்சுகளை ஏற்றிச்சென்ற லாரி பான்ஃபுக்குக் கிழக்கே பழுதாகி நின்றுவிட, குஞ்சுகள் செத்துப்போகாமல் இருக்கட்டும் என்று அருகிலிருந்த காரட் ஓடையில் விட்டுவிட்டார்கள். அந்தக் குஞ்சுகளின் வழித்தோன்றல்கள் ஆற்றோடு இறங்கிப் பெருகின. இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் பணம் செலவழித்து இந்த ஆற்றுக்கு வருகிறார்கள். உங்களுக்கோ அது வீட்டு வாசலில் ஓடுகிறது.

போ ஆறும் நான் மேலே சொன்னதற்குச் சான்றுதான். பான்ஃப் அருகே அதில் மீன் சிறியது, எண்ணிக்கையும் குறைவு. கால்கரியைத் தாண்டிக் கார்ஸ்லாண்ட் தடுப்பணை வரையுள்ள பகுதியில்தான் பெரிய மீன்கள் கிடைக்கின்றன. நகரத்தின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் ஆற்றில் சேர்க்கும் சத்தால் நீர்ப்பாசியும், அதை உண்ணும் பூச்சிகளும், அவற்றை உண்ணும் மீன்களும் பெருகியதே அதன் காரணம். நகரத்துக்குக் கீழே மீன் பிடிப்பதற்கு முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் அங்கே பிடிப்பது பெரும்பாலும் விளையாட்டுக்காக, விட்டுவிடுவதற்காக. கார்ஸ்லாண்டுக்குக் கீழே ஆறு சிக்சிகா மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தின் வழியே ஓடுகிறது. அவர்களுடைய அனுமதி பெறாமல் அங்கே கரையிறங்கக் கூடாது.

இந்த ஆறுகளில் காலம் பார்ப்பது இடம் பார்ப்பதைவிட முக்கியம். மே இறுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை மலைப்பனி உருகி வரும் வெள்ளம் ஆற்றைக் கலக்கிவிடும். அப்போது ஆற்றங்கரையில் நிற்பது வீண், ஆற்றுக்குள் இறங்குவது ஆபத்து. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் கால்கரி மூழ்கியதும் இந்தப் பருவத்தில்தான். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை நீர் தெளிந்து, வெட்டுக்கிளியும் ஈக்களும் நீரில் விழும் காலம். செயற்கை ஈயைக் கட்டி வீசும் ஈத்தூண்டில் முறைக்கு அதுவே பொற்காலம். தெற்கே க்ரோஸ்னெஸ்ட், ஓல்ட்மேன், காசில் ஆகிய ஆறுகள் அடிவாரத்தில் ஓடுபவை; அந்த மாதங்களில் அவற்றுக்கு ஈடு குறைவு. மிகுந்த வெயில் அடிக்கும் கோடைகளில் நீர் சூடேறி மீன் மூச்சுத் திணறும் என்பதால் சில ஆறுகளைப் பிற்பகலில் மூடிவிடுவார்கள். கிளம்புமுன் அறிவிப்பைப் பாருங்கள்.

குழம்புக்கு மீன் வேண்டும் என்றால் ஆற்றை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்புங்கள். தென் ஆல்பர்ட்டாவின் பெரிய நீர்நிலைகள் பலவும் இயற்கை ஏரிகள் அல்ல. நம் ஏரிகளையும் கண்மாய்களையும் போலப் பாசனத்துக்காக உருவாக்கப்பட்டவை. புரூக்ஸ் ஊருக்கு அருகிலுள்ள நியூவெல் ஏரி, கனடிய பசிபிக் ரயில்வே நிறுவனம் வறண்ட புல்வெளியை விளைநிலமாக்கி விற்பதற்காக நூறாண்டுக்கு முன் அமைத்த வாய்க்கால் திட்டத்தின் விளைவு. ட்ராவர்ஸ், மெக்ரெகர், க்ராலிங் வேலி ஆகியவையும் பாசனத் தேக்கங்களே. ஆழம் குறைந்த, வெயிலில் சூடேறும், சத்து நிறைந்த நீர் என்பதால் பைக், வால்-ஐ (walleye), வைட்ஃபிஷ், பெர்ச் முதலிய மீன்கள் இங்கே நன்றாகப் பெருகுகின்றன. நம் நாக்குக்கு ஏற்றவை என்று நான் கருதுவது பெர்ச்சும் வைட்ஃபிஷும். பைக் மீனில் ஒய் வடிவ முள் நிறைந்திருப்பதால் அதை அரியும் முறையைக் கற்றுக்கொண்டால்தான் சுவைக்க முடியும். பெரிய பைக், பெரிய வால்-ஐ ஆகியவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். எந்த ஏரி மீனை எவ்வளவு உண்ணலாம் என்று அரசு ஏரிவாரியாக வெளியிடும் அறிவுரையை, வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால், கட்டாயம் படியுங்கள்.

வால்-ஐ பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லா ஏரிகளிலும் எளிதன்று. ஒண்டாரியோ, மானிட்டோபா போன்ற மாகாணங்களோடு ஒப்பிட்டால் ஆல்பர்ட்டாவில் மீன் வாழும் ஏரிகள் மிகக் குறைவு, தூண்டில்காரர்களோ நிறைய. அதனால் பல ஏரிகளில் வால்-ஐ பிடித்தால் விட்டுவிட வேண்டும்; சில ஏரிகளில் குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் மட்டும், கொடுக்கப்பட்ட அடையாளச் சீட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, குறித்த அளவு மீனை வைத்துக்கொள்ளலாம். கிடைப்பதைப் பங்கிட்டுக் கொடுக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. வடக்கு, தெற்கு சஸ்காச்சுவன் ஆறுகளில் வாழும் ஸ்டர்ஜன், மனிதரைவிட நீண்டகாலம் வாழக்கூடிய பழமையான இனம். அதைப் பிடித்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

உங்கள் முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பது இவை எதையும் அல்ல. மாகாண அரசு ஆண்டுதோறும் இருநூற்றுக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளில் டிரவுட் குஞ்சுகளை இருப்புச் செய்கிறது. அந்தக் குஞ்சுகளை வளர்க்கும் பண்ணைகளில் ஒன்றான சாம் லிவிங்ஸ்டன் மீன் பண்ணை கால்கரியிலேயே இருக்கிறது. இந்தக் குளங்களில் மீன் பிடித்துக் கொண்டுபோவதற்காகவே விடப்படுகிறது. ஊர் மீனை அழித்துவிட்டோமோ என்ற உறுத்தல் வேண்டாம். தாமிரபரணியில் செய்தது போலத் தக்கையும் சிறு முள்ளும் மண்புழுவும் போதும். ஆனால் அந்தக் குளத்தில் உயிரிரைக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மலையோடைகள் பலவற்றில் இரை கோப்பது குற்றம்.

மீன்பிடி உரிமத்துக்கு முன், வனவிலங்கு அடையாள எண் அட்டை ஒன்றை வாங்க வேண்டும். மீன்பிடிக்கும் வேட்டைக்கும் அதே எண்தான். உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும், ஏறக்குறைய 30 டாலர். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், ஆல்பர்ட்டாவில் வாழும் 65 வயது நிரம்பியவர்களுக்கும் உரிமம் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்குத் தடையே இல்லை. பிப்ரவரியில் குடும்ப தின வார இறுதியிலும் ஜூலையில் ஒரு வார இறுதியிலும் உரிமம் இல்லாமலேயே எல்லோரும் மீன் பிடிக்கலாம். பான்ஃப், ஜாஸ்பர், வாட்டர்டன் தேசியப் பூங்காக்கள் மட்டும் தனி ஆட்சி. அங்கே மாகாண உரிமம் செல்லாது, பூங்காவின் சீட்டை வாங்க வேண்டும், 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016இல் பான்ஃபின் ஜான்சன் ஏரியில், டிரவுட் குஞ்சுகளின் முதுகெலும்பை வளைத்து அவற்றைச் சுழன்று சுழன்று சாகவைக்கும் சுழல் நோய் கண்டறியப்பட்டது. கனடாவில் அதுவே முதல் முறை. நோய்க்கிருமி சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஓர் ஆற்றில் நனைந்த காலணியோடு அடுத்த ஆற்றில் இறங்குவது அந்த நோயைக் கையோடு எடுத்துச் செல்வதற்குச் சமம். கழுவி, நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த நீர்நிலைக்குப் போங்கள்.

இனி வேட்டை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு வேட்டை என்ற சொல்லே குற்றமாக ஒலிக்கும். இந்தியாவில் அந்தத் தடை தேவையானது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. இங்கேயும் ஒருகாலத்தில் வரம்பின்றிக் கொன்றார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேய்ந்த காட்டெருமை மந்தைகள் 1880களுக்குள் இந்தப் புல்வெளியிலிருந்து அநேகமாக அழிந்துபோயின. அவற்றையே உணவாகவும் உடையாகவும் கூடாரமாகவும் கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த பிளாக்ஃபுட் மக்கள் பட்டினியில் வீழ்ந்தார்கள். ஃபோர்ட் மெக்ளவுட் அருகே, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாக அவர்கள் காட்டெருமைகளைச் செங்குத்துப் பாறையிலிருந்து ஓட்டி வீழ்த்திய இடத்தை 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. துப்பாக்கி வாங்குவதற்கு முன் அந்த இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். இன்று இங்கே நடக்கும் வேட்டை ஒவ்வொன்றும் அந்த அழிவுக்குப் பின் எண்ணி அளந்து கொடுக்கப்படுவது. முதல் குடிமக்கள் உணவுக்காக வேட்டையாடுவது உடன்படிக்கைகளாலும் 1930ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தாலும் காக்கப்பட்ட உரிமை. நமக்குள்ள பருவமும் குலுக்கலும் அவர்களுக்குப் பொருந்தாது என்பதைக் கண்டு மனக்குறைப்படத் தேவையில்லை.

ஆல்பர்ட்டாவை வேட்டைக்காகப் பல வனவிலங்கு மேலாண்மை வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 100இல் தொடங்கும் எண்கள் புல்வெளி, 200 மரங்கள் கலந்த சமவெளி, 300 அடிவாரம், 400 மலை, 500 வடக்குக் காடு. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விதிப்புத்தகம் புரிந்துவிடும். மலையில் பெருங்கொம்பு ஆடு, அடிவாரத்தில் எல்க் என்னும் பெரிய மான், அதைவிடப் பெரிய மூஸ் மான். சமவெளியில் வெள்ளைவால் மான், கழுதைக்காது மான், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய புரோங்ஹார்ன். பழுப்புக் கரடி வேட்டை 2006இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அடிவாரத்தில் எல்க்கைத் தேடிப் போகிறவரின் பாதையில் அந்தக் கரடி வரக்கூடும், அறுத்த மானின் வாடை அதை அழைத்துவரும். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இடுப்பில் இல்லாமல் அங்கே நடக்காதீர்கள்.

இவற்றில் வெள்ளைவால் மானுக்குப் பெரும்பாலான இடங்களில் உரிமத்தை நேராக வாங்கிவிடலாம். கழுதைக்காது மானின் கொம்பன், மூஸ், புரோங்ஹார்ன் முதலியவற்றுக்குப் பெரும்பாலும் குலுக்கல். குலுக்கலில் விழாதவருக்கு ஆண்டுக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். புரோங்ஹார்ன் கொம்பனுக்குப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்களை நான் அறிவேன். ஆகவே வெள்ளைவாலையும் கழுதைக்காதையும் பிரித்தறிவதே முதல் பயிற்சி. ஓடும்போது வாலை வெள்ளைக் கொடிபோல உயர்த்துவது வெள்ளைவால். நான்கு காலையும் ஒருசேர ஊன்றித் துள்ளித் துள்ளிப் போவது கழுதைக்காது. அந்திவேளையில் தவறாகச் சுட்டுவிட்டால் அறியாமை மன்னிப்பாகாது.

என் கருத்தில் உங்கள் முதல் வேட்டை மான் அல்ல, பறவை. செப்டம்பர் தொடங்கியதும் வடக்கிலிருந்து கனடா வாத்தும் வெண்பனி வாத்தும் லட்சக்கணக்கில் இறங்கி, அறுவடையான கோதுமை, பார்லி வயல்களில் மேய்கின்றன. புல்வெளியில் பனியாறுகள் விட்டுச்சென்ற எண்ணற்ற சிறு குட்டைகள்தான் இந்தக் கண்டத்தின் காட்டு வாத்துகளுக்குத் தாய்வீடு. இதற்கு மாகாண உரிமத்தோடு கூட்டாட்சி அரசின் வலசைப்பறவை அனுமதியும் வேண்டும். ஈய ரவை தடைசெய்யப்பட்டது. எஃகு போன்ற நஞ்சற்ற ரவையே பயன்படுத்தலாம். கவுதாரி, கூர்வால் கிரௌஸ், ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஃபெசன்ட் ஆகியவையும் இந்தப் பக்கத்துப் பறவைகளே. பறவை வேட்டையில் நாளெல்லாம் நடப்பதால் நிலம் கைவசமாகும். பிழை செய்தாலும் சேதம் சிறிது.

நிலத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கிழக்கே பெரும்பாலான நிலம் உழவர்களுடையது. அனுமதி கேட்காமல் கால்வைக்கக் கூடாது. ஆனால் ஆல்பர்ட்டாவில் வேட்டைக்காக நிலத்துக்குள் விடுவதற்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். விலங்கு யாருடைய வயலில் நின்றாலும் அது பொதுச்சொத்து என்பதே இதன் அடிப்படை. பணக்காரருக்கு ஒரு வாசல், கூலிக்காரருக்கு ஒரு வாசல் என்று இல்லாத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆகஸ்டில், துப்பாக்கி இல்லாமல், பகலில், குடும்பத்தோடு போய் உழவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அறுவடை நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள். நம் நிறத்தையும் பெயரையும் பார்த்துத் தயங்குவார்களோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. தயங்கியவர்கள் உண்டு, ஆனால் உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தவர்களே அதிகம். குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 183 மீட்டருக்குள் சுடக் கூடாது, சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்கேயோ சுடக் கூடாது என்பவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மான் வேட்டைக்குப் போகும் ஆண்டில், பிரையான் என்ற புரதத்தால் வரும் மெலிவு நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஆல்பர்ட்டாவின் காட்டு மான்களில் 2005இல் முதலில் தென்பட்ட இது, சஸ்காச்சுவன் எல்லையிலிருந்து மேற்கே பரவிவிட்டது. கிழக்கு வட்டங்கள் பலவற்றில் மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை; ஆனாலும் நோய் இருக்கும் மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக உறையவைத்திருங்கள். இங்கே மானைச் சுட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப் போவது குற்றம், உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதும் குற்றம், அதை விற்பதும் குற்றம்.

துப்பாக்கிக்கான வழி இதுதான்: கனடிய துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் தேர்ச்சி பெற்று, உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் சில மாதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர் கல்வித் தேர்வு தனி. குடியுரிமை தேவையில்லை; ஆல்பர்ட்டாவில் வீடு வைத்து வாழும் நிரந்தரவாசியான நீங்கள் உள்ளூர்க்காரராகவே கருதப்படுவீர்கள், வழிகாட்டியை அமர்த்தத் தேவையில்லை.

இப்போது மார்ச் முடியப்போகிறது. அடையாள எண்ணை இந்த வாரமே வாங்கி, ஏப்ரலில் மீன்பிடி உரிமம் எடுத்து, பனி கரைந்த குளம் ஒன்றில் பிள்ளைகளோடு தொடங்குங்கள். கோடை தொடக்கத்தில் குலுக்கலுக்கு விண்ணப்பம் திறக்கும். வேட்டைக்காரர் கல்வித் தேர்வை அதற்கு முன் முடித்துவிட்டால், வேட்டையாடும் எண்ணம் இந்த ஆண்டு இல்லாவிட்டாலும் 999 என்ற குறியீட்டைப் போட்டு முன்னுரிமைப் புள்ளியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஜூலை இறுதியில் போ ஆறு, அக்டோபரில் வாத்து, ஜனவரியில் நியூவெல் ஏரியின் உறைந்த நீரில் துளையிட்டு வைட்ஃபிஷ். பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் கெட்டியாக இருக்கிறதா என்று நீங்களே துளையிட்டு அளந்த பிறகே பிள்ளைகளை மேலே நடக்க விடுங்கள்; தென் ஆல்பர்ட்டாவில் சினூக் என்னும் வெப்பக்காற்று ஒருநாள் வீசினாலும் முந்தைய வாரத்து அளவு செல்லாது.